ஆட்டுக்கு முளைத்த மீசை

15 பிப்ரவரி 2009, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நேற்று மாலை முதல் எங்கள் பெட்டை ஆட்டுக்கு வெள்ளை மீசை. இந்தத் தீவில் என்னை மிஞ்ச ஓவியன் இல்லை.

இன்று காலை போர்ட் பிளேர் வியாபாரி வந்தார். எங்கள் தேங்காய்ச் சர்க்கரை தேறினால் வாராவாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தவர். அப்பா மரத்திலிருந்து இறக்கிய பதநீரை அவர் எதிரிலேயே காய்ச்சினார். எவ்வளவு கிளறியும் சர்க்கரையாக உதிரவில்லை. பசை மாதிரி இழுத்தது.

"நஹீ சலேகா, பையா," இது தேறாது என்று இந்தியில் சொல்லிவிட்டு வியாபாரி கிளம்பிவிட்டார்.

"பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினியாடா?" என்றார் அப்பா.

"ரெண்டு கோட்டிங்ப்பா. பெயின்டரே தோத்துடுவான்."

"அப்ப மண்ணுதான். சுனாமித் தண்ணியோட உப்பு இன்னும் வேர்ல நிக்குது."

பாளை சீவிய மரம் காய்க்காது. இந்தத் தடவை எங்களுக்குத் தேங்காயும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாளை முதல் அப்பா ரோடு வேலைக்குப் போகிறாராம். சீவும் கத்தியைத் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. மீசை வரையும்போது ஆடு உதைத்துச் சுண்ணாம்பு டப்பா கவிழ்ந்தது. மிச்சம் மூன்று பானைக்குத்தான் வந்தது. சுண்ணாம்பு தடவாத மற்ற பானைகளில் இறங்கிய பதநீர் புளித்துவிடும், புளித்தால் சர்க்கரை ஆகாது என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போகச் சோம்பல்.

அப்பா கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும். இப்போதைக்கு, அவர் பார்ப்பதற்குள் ஆட்டின் மூஞ்சியை மட்டும் கழுவிவிட்டு வந்தேன்.