சைகை இல்லாமல் பறந்த கிளைடர்

அன்புள்ள கழுகு அவர்களுக்கு, பழைய கிரேன்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

விற்க மாட்டேன். யாருக்கும் சும்மாவும் தர மாட்டேன். நம் ரிமோட் கிளைடரை ஆர்வமுள்ள யாரிடமாவது ஒப்படைத்துவிடும்படி நீ சொன்னதாக உன் மகள் எழுதியிருக்கிறாள். வீட்டுக்காரியை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் ஒரு வசவுகூட இல்லை. ஒரு இடத்திலாவது என்னைக் கபோதி என்று திட்டியிருந்தால், நீ சொன்னது என்று நம்பியிருப்பேன். ஒப்படைத்துவிடும்படி! அந்த வார்த்தை உன் வாயில் என்றைக்காவது வந்திருக்கிறதா? வாய் குழறினாலும் உனக்கு வசவு குழறாதே.

இதை எழுதுவது என் வீட்டுக்காரி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கபோதி என்று எழுத மாட்டேன் என்றாள். சண்டை போட்டு எழுத வைத்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதைப் பார்த்து, நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

வாதம் அடித்த உன் வலது பக்கம் இப்போது எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், அப்பா தூங்குறார் மாமா என்கிறாள் உன் மகள். காலையில் கேட்டாலும் தூக்கம், சாயங்காலம் கேட்டாலும் தூக்கம். கிரேன் யார்டில் ராத்திரி ஷிப்டில்கூடக் கொட்டாவி விடாத ஆள் நீ. இப்போது என்ன திடீர் சொகுசு?

சரி, திட்டு வாங்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளைடரைப் பறக்கவிட்டேன். நீ இல்லாமல்தான்.

ஆனால் செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. முந்தின நாளே பேட்டரிகளைச் சார்ஜ் போட்டேன். இறக்கையை மாட்டி, அடியில் ரெண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தது. புது மருமகன் மாமனார் முன்னால் குனிவானே, அந்த அளவுக்கு. மைதானத்தில் யாரும் விளையாடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். முதலில் ரிமோட்டை ஆன் செய்தேன், பிறகுதான் கிளைடரை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரி மைதானத்தின் அடுத்த கோடிவரை போக வேண்டும். நான் இங்கிருந்து ரிமோட் குச்சியை அசைக்க, வால் சரியான பக்கம் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவளோ பாதி வழியில் தெரிந்தவள் ஒருத்தியைப் பார்த்துவிட்டு, கிளைடரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கதை பேச ஆரம்பித்துவிட்டாள். இதையும் எழுதடி என்றால் முறைக்கிறாள்.

ரப்பர் கயிற்றை நன்றாக இழுத்து, காற்றுக்கு எதிராக விட்டேன். ஜம்மென்று ஏறியது. எனக்கோ கொஞ்ச தூரத்துக்கு மேல் எல்லாமே பனிமூட்டம், உனக்குத் தெரியும். நீ செய்கிற மாதிரி என் முதுகுக்குப் பின்னால் நின்று, இடது வலது சொல்லடி என்றேன். அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிறாள். எந்தப் பக்கம்டி என்றால், அதான் கை காட்டுறேனே என்கிறாள். எனக்கு என்ன முதுகிலா கண் இருக்கிறது? அப்படியும் ரெண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். பிறகு, அய்யோ என்ன அழகா போகுது என்று சொன்னவள், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். சத்தமே இல்லை.

அங்கேதான் என் கை என்னைக் கெடுத்தது. சைகை நின்றால் கையை எடு என்பதுதானே நம் தொழில்? கிரேன் கூண்டுக்குள் நானும் கீழே சைகை காட்ட நீயுமாக இருந்த அத்தனை வருஷமும், உன் கை மறைந்த நொடியில் என் கை லீவரை விட்டுவிடும். சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதே பழக்கத்தில் குச்சி இரண்டையும் விட்டுவிட்டேன். கிரேன் என்றால் நின்றிருக்கும். இது நிற்குமா? சூட்டுக்காற்றில் ஏறி, காற்று போன பக்கமெல்லாம் போயிருக்கிறது. நான் சொல்லடி சொல்லடி என்று கத்தி, அவள் பதறி, நான் மறுபடி குச்சியைப் பிடித்தபோது எதை எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே வெள்ளையாக வானம் மட்டும் இருந்தது. பாவம், தெருவில் போகிற யார் தலையிலாவது இறங்கிவிடுமோ என்று தெருப் பக்கம் திரும்பி, ஒதுங்குங்க ஒதுங்குங்க என்று கத்தினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கின் தகரக் கூரையில் பூப்போல இறங்கிவிட்டதாம். கூரை ஆள் பாரம் தாங்காது, ஏறக்கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துச் சுவர்வரை கூட்டிப் போகிறாள். அதோ, சிவப்பு வால் தெரியுது பாருங்க என்கிறாள். நானும் பார்க்கிறேன். தகரத்தில் வெயில் அடிப்பது தெரிகிறது.

முந்தாநாள் பேய்க்காற்று, மழை. எங்கள் கொடிக்கயிறே அறுந்துபோனது. மறுநாள் போய்ப் பார்த்து, அப்படியே இருக்குங்க, துளி அசையலை என்கிறாள். காகிதம் மாதிரி லேசான சாமான், கழுகு. அந்தக் காற்றில் அசையாமல் இருக்குமா? உன் மகள் சொல்கிற தூக்கமும் இவள் சொல்கிற கூரையும் ஒரே மாதிரி…

வீட்டுக்காரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய் ஓடுகிறது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் இல்லை. நான் சண்டைக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து கூரையில் இருக்கிறது என்று சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

அவள் எழுந்துபோன இடத்திலிருந்து என் கையெழுத்துதான். கோணலாக இருக்கும். மகளே, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது அவர் கையைப் பார்த்துக்கொள். இடது கை போதும். ஒரு விரல் மேலே போனால் தூக்கு என்று அர்த்தம், கீழே போனால் இறக்கு. எதைக் காட்டினாலும் அப்படியே எழுது தாயே. அழகாக எழுத வேண்டாம்.

கழுகு, நான் சுமையை இறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ எதை வேண்டுமானாலும் காட்டு. நிறுத்து என்று மட்டும் காட்டாதேடா. நல்லா இரு.

இப்படிக்கு,
கபோதி