பழைய பெட்டியில் ராமலட்சுமி டீச்சர்

ஜூன் 11, 2008

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பிரவுசிங் சென்டரைத் திறக்கத் தாமதம். முதலாளி போனில் கத்தினார்.

மத்தியானமே ராமலட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். மே மாதம் திருநெல்வேலியில் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. பேசினால் காற்றுதான் வருகிறது. நரம்பு தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்பை எப்படி நடத்துவாள்?

"பின்னாடி இருக்க பிள்ளைகளுக்குக் கேக்க மாட்டேங்குது. நான் வாயசைக்கதப் பாத்துச் சிரிக்குதுக" என்றாள். அதைக் கேட்கவே நான் அவள் முகத்தருகே குனிய வேண்டியிருந்தது.

கல்யாணமான புதிதில் இவள் குரல் தெருமுனை வரை கேட்கும். கொஞ்சம் மெதுவாய்ப் பேசேன் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16

மைக் வைத்துப் பார்த்தோம். அந்தக் காற்றுச் சத்தம்தான் பெரிதாகிறது.

தலைமையாசிரியர் தங்கசாமி சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். "கோவிச்சுக்காதீங்க செண்பகராஜ். டீச்சர் தங்கமானவிய. ஆனா பிள்ளைக படிப்பு என்னாவுது? காலாண்டு வரைக்கும் பாப்போம். அப்புறம் வேற ஆளத்தான் தேடணும்" என்றார்.

அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கரிசல் காட்டுக் காற்று ஆளைத் தள்ளுகிறது.

ஜூன் 22

இன்று ஒன்றைக் கேட்டேன். இன்னும் காதிலேயே நிற்கிறது.

தமிழில் தட்டிக் கொடுத்தால் வாய்விட்டு வாசிக்கும் ஒரு மென்பொருள் இணையத்தில் கிடைத்தது. பூவனநாதன் என்று ஒருவர் சென்னையில் ஆராய்ச்சிக்காகச் செய்து, உள்ளே எழுதிய நிரலையும் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகப் போட்டிருக்கிறார். சென்டரிலுள்ள புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றி 'ராமலட்சுமி' என்று தட்டினேன். ஒரு பெண் குரல் தெளிவாக "ராமலட்சுமி" என்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பெண் இவளைக் கண்டதில்லை, இந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னதுகூட இல்லை. எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோர்த்து அந்த நிரல் சொல்ல வைத்துவிட்டது.

ஆனால் சென்டர் கம்ப்யூட்டர்கள் முதலாளியுடையவை. பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, மில்லில் கழித்துக் கொடுத்த விண்டோஸ் 98 பெட்டி. தங்கசாமி சாரிடம் கேட்டு அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மென்பொருளை ஏற்றியதும் 'இயங்காது' என்று முகத்திலடித்த மாதிரி ஒரு வரி.

ஜூன் 29

ஏன் இயங்காது என்பது விளங்கிவிட்டது. எழுத்தைக் காட்டுவது, கோப்பைத் திறப்பது, சத்தம் எழுப்புவது, எல்லாவற்றுக்கும் நிரல் விண்டோஸைத்தான் ஒவ்வொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதில் பல பெயர்கள் பிறகு வந்தவை. 98-க்கு அவற்றைத் தெரியாது. தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் கதவையே திறக்காது.

நடுவில் ஒரு சின்ன நூலகக் கோப்பை நானே எழுதி வைத்தால்? புதுப் பெயரில் வரும் அழைப்பை அது வாங்கிக்கொண்டு, 98-க்குத் தெரிந்த பழைய பெயரில் சொல்லி வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். செய்யலாமா? என்னால் ஏலுமா? பாலிடெக்னிக்கில் படித்த சி மொழி ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஜூலை 6

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தேன். ஒரு பெயரைச் சரிசெய்தால் அடுத்த பெயர் இல்லை என்கிறது. மாலைக்குள் ஏழெட்டு தாண்டியிருக்கும்.

ராமலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றாள். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூலை 13

நீலத் திரை. பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி நீலத் திரை.

ஜூலை 17

எதற்கு இதெல்லாம்? எல்லாப் பெயரையும் கடந்து நிரல் திறந்துகொண்டது. தட்டினால் பெட்டி உறைந்து போகிறது. எரிச்சலில் கீபோர்டைக் குத்திவிட்டேன். அவள் சிலேட்டை எடுத்து, 'எனக்காக நீங்க உடம்பக் கெடுக்காதீங்க. வேலை போனா வேற வேலை பாப்பேன்' என்று எழுதிக் காட்டினாள்.

வேற வேலையாமே. எந்த வேலைக்குப் போவா இவ? பிள்ளைகளுக்கு நடுவுல நிக்காம இவளால இருக்க முடியுமா? எனக்குத் தெரியாதா இவள?

சிலேட்டை வாங்கிக் கீழே வைத்தேன். பூவனநாதனுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி ஒரு மெயில் போட்டேன்.

ஜூலை 21

பூவனநாதன் போனே செய்துவிட்டார்!

"98-லயா? நான் நெனச்சுக்கூடப் பாக்கலையே சார். நடுவுல நீங்களே ஒரு லைப்ரரி எழுதிட்டீங்களா?" என்று சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தக் குரல் மொத்தத்தையும் நிரல் நினைவகத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளுமாம். புது மெஷின் தாங்கும், பழைய பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். குரல் டிஸ்க்கிலேயே கிடக்கட்டும், அந்தந்தச் சொல்லுக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுக்கும்படி மாற்றுங்கள் என்றார். எந்தப் பகுதியில் கை வைக்க வேண்டும் என்றும் காட்டினார்.

அது யார் குரல் என்று கேட்டேன். அவருடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணாம். ஃபேன்கூடப் போடாத மூடிய அறையில் நாள்கணக்காக உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக வாசித்தாராம். அதைத் துண்டு துண்டாக நறுக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத யாருக்காகவோ வேர்த்து விறுவிறுத்து வாசித்த ஒருத்தி. இன்று முழுக்க அந்த அம்மாளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3

பேசிவிட்டது.

காலையில், அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தபோது. முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் 'அ' மட்டும். துண்டு எடுக்கும் இடத்தில் ஒரு கணக்குப் பிசகியிருந்தது, திருத்தினேன். "அம்மா இங்கே வா" என்றது, அந்த ஓட்டை ஸ்பீக்கரில்! மில்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய பெட்டி, பிறந்து பத்து வருஷமான விண்டோஸ். அது பேசுகிறது. நான் எழுதிய கோப்பு வழியாகத்தான் பேசுகிறது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

ராமலட்சுமி கரண்டியோடு வந்து நின்றாள். தமிழ் ஓசையை ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் வெகுநேரம் தேடித் தேடித் தட்டினாள். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது:

"தோசை தீயுது. தள்ளுங்க."

இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பிலும் சத்தம் இல்லை. சிரித்து முடித்ததும் அழுதாள்.

ஆகஸ்ட் 11

பெட்டியை வகுப்பில் வைத்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வராந்தாவிலேயே நின்றேன். இன்றைய பாடத்தை நேற்றே தட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். வேண்டிய வரியை அழுத்தினால் போதும். பிள்ளைகள் "ரேடியோ, ரேடியோ" என்று ஒரே கூச்சல். கடைசி வரிசையில் ஒருவன் திரும்பி உட்கார்ந்து அடுத்தவன் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். இவள் அமைதியாகத் தட்டினாள்.

"ஏலே செல்வகணேஷ், முன்னாடி பாருலே."

செய்தி வாசிக்கும் தொனியில் 'ஏலே'! பையன் துள்ளி எழுந்து நின்றுவிட்டான். "டீச்சர், அதுக்கு எம்பேரு எப்படித் தெரியும்?" என்று பெட்டியைப் பார்த்தே கேட்டான். வகுப்பே வாயைப் பிளந்தது. நானும்தான்.

ஆகஸ்ட் 24

பூவனநாதன் என் கோப்பைத் தன் இணையப் பக்கத்திலேயே போட்டுவிட்டார். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாமாம். பெயரைத் தமிழில் 'செண்பகராஜ், கோவில்பட்டி' என்று போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 26

காலாண்டு முடிந்தது. தங்கசாமி சார் திருத்திய தாள்களைப் புரட்டிவிட்டு, "டீச்சர் அங்கனயே இருக்கட்டும். வேற ஆளெல்லாம் நான் பாக்கல" என்றார். இவள் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "நமக்குள்ள என்னம்மா" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 19

டாக்டரைப் பார்த்தோம். நரம்பில் அசைவே இல்லையாம். இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் 4

பெட்டியில் சத்தம் மங்குகிறது என்று சொல்லியிருந்தாள். மத்தியானம் வேறு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வாசலிலேயே தெரிந்தது, கரண்ட் இல்லை. இந்த வருஷம் போகிற கரண்ட்டுக்குக் கணக்கே இல்லை. பிள்ளைகள் வகுப்பைக் கூச்சலாக்கியிருக்கும், இவள் தவித்துக்கொண்டிருப்பாள் என்று ஓட்டமாய்ப் போனேன்.

சத்தமே இல்லை. ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

பிள்ளைகள் பெஞ்சை விட்டிறங்கி அவளைச் சுற்றித் தரையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில். அந்தக் காற்றுக் குரலில் ஒரு வரி சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பின்னால் இருப்பவர்களுக்கு அதைச் சொன்னார்கள். கடைசிப் பிள்ளை தலையாட்டியதும் அவள் அடுத்த வரி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. யார் இவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?

கரண்ட் வந்தது. பெட்டி பீப் என்றது. ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்பீக்கரை வராந்தாவில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.