காது மிஷின் வழக்கில் ஜெயித்தோம்

மரியாதைக்குரிய அத்தாவுக்கு, மஸ்கட்டிலிருந்து சப்ரீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி வலி குறைந்ததா?

ராஜபாளையம் கடைக்காரர் உங்கள் தலையில் கட்டிய காது மிஷின் வழக்கில் இன்று தீர்ப்பு வந்துவிட்டது. நாம் ஜெயித்துவிட்டோம்.

போன மாதம் இங்கே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையில் இருந்தபடியே, வக்கீல் வைக்காமல், ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் ஆணையத்தில் வீடியோவில் நானே பேசினேன். கடைக்காரர் எழுந்து, "பெருசுக்குக் காதே போச்சு, மிஷின் என்ன செய்யும்? வித்த சாமான திரும்ப எடுக்க மாட்டோம்னு பில்லுலயே போட்ருக்கு," என்றார்.

நான் ஆணையத் தலைவரிடம், "ஐயா, பெட்டியில உள்ள நம்பரயும் மிஷின்ல உள்ள நம்பரயும் செத்த வாசிக்கச் சொல்லுங்க," என்றேன். கடைக்காரரே வாசித்தார். இரண்டும் வேறு வேறு. மிஷினில் இருந்த நம்பர் ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றதாகக் கம்பெனி பதிவில் இருந்தது. யாரோ பயன்படுத்திய மிஷினைப் புதுப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்.

தீர்ப்புப்படி அவர் உங்களுக்குப் புது மிஷினும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் தர வேண்டும். பில்லில் அந்த வரியை இனி அச்சடிக்கவும் கூடாது.

மிஷினை வாங்க நீங்களே தலை நிமிர்ந்து போங்கள், அத்தா. மாட்டியதும் எனக்குப் போன் போடுங்கள். ஒன்றரை வருடமாகப் போனில் நான் சொல்வதையெல்லாம் அம்மாதான் உங்களுக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறார்கள். சிலதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை; உங்கள் காதில்தான் சொல்ல வேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
சப்ரீன்