முதலில் வந்தது என் மகளுக்கு

28-11-94, திங்கள்

காலையிலிருந்து தூறல். பால்வாடிக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பாடவைத்து, சத்துமாவு உருண்டை கொடுத்து, எல்லாரையும் பாயில் படுக்கவைத்த நேரத்தில் வெங்கடம்மாள் வந்தாள். அவள் மகன் இங்கேதான் படிக்கிறான்.

"ஏனுங்க டீச்சர், அந்த எழில் புள்ள கையப் பாத்தீங்களா? பூராச் சொறி. அதுகூடப் படுக்கவெச்சா எங்க புள்ளைகளுக்கும் ஒட்டாதுங்களா? ஒண்ணு அது வரோணும், இல்லாட்டி எங்க புள்ளைக வரோணும்."

பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் புண். இரண்டு மூன்று சீழ் வைத்திருந்தன. ஆயாவை அனுப்பி எழிலின் அம்மா சின்னாத்தாளை வரச் சொன்னேன். வாழைத் தோட்டத்து வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள், காலெல்லாம் சேறு.

"ஆறினதும் கூட்டிட்டு வா சின்னாத்தா" என்றேன்.

"சரிங்க" என்றாள். நாலு வயதுப் பிள்ளை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

வேறென்ன செய்திருக்க முடியும்? மற்றப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டாமா?

30-11-94

பதினெட்டுப் பேர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதுதான்.

5-12-94, திங்கள்

எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் மகள் பங்காருவைக் குளிப்பாட்டும்போது கையை விரித்துப் பிடித்தேன். விரல் இடுக்கில் பொரிப்பொரியாக. மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி, அக்குளில். பால்வாடிக்கு முழுக்கைச் சட்டையே போட்டுக் கூட்டிப்போனதால் யார் கண்ணிலும் படவில்லை. தீபாவளிக்கு முன்னாலிருந்தே இவள் சொறிந்துகொண்டுதான் இருக்கிறாள். கொசு என்றேன். மழை ஈரம் என்றேன். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை லீவில் அவிநாசியில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்தோம். அங்கே பிள்ளைகள் எல்லாம் சொறிந்துகொண்டிருந்தார்கள். இவளும் அவர்களோடு ஒரே பாயில்தான் படுத்தாள். பால்வாடியில் இவளுக்குப் பக்கத்துப் பாய் எழிலுக்கு.

அய்யோ, எம் புள்ளகிட்ட இருந்துதான் அந்தப் புள்ளைக்குப் போச்சா? நானென்ன செஞ்சுபோட்டேன்?

இவரிடம் சொன்னேன். "யாருகிட்டயும் மூச்சு விடாத நஞ்சம்மா. மருந்தப் போட்டு ஆத்திரலாம். டீச்சர் ஊட்டுலயே சொறின்னா பால்வாடிக்கு யாரு வருவாங்க?" என்கிறார். அவருக்குப் பயம். எனக்கும்தான்.

6-12-94, செவ்வாய்

பால்வாடியை ஆயாவிடம் விட்டுவிட்டு, பங்காருவோடு காரமடைக்குப் போய் டாக்டர் நாகூர் மீரானைப் பார்த்தேன். லென்ஸ் வைத்து விரல் இடுக்கைப் பார்த்தார். சிரங்குதான். கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், தோலுக்குள் வளை பறித்து முட்டை வைக்குமாம்.

"நாங்க தினமும் குளிக்கறோமுங்க டாக்டர்."

"குளிச்சாலும் வரும்மா. இதுக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்ல. கூடப் படுத்தாப் போதும், கையக் கோத்து வெளையாண்டாப் போதும்."

வெள்ளை மருந்து. குளித்துத் துடைத்துவிட்டு, கழுத்திலிருந்து கால் விரல் வரை ஒரு இடம் விடாமல் பூச வேண்டும். குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து. ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லாரும் ஒரே நாளில். துணி, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். ஒருவர் விட்டாலும் சுற்றிச் சுற்றி வருமாம்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. "சொறிஞ்சு சீழ் வெச்ச கொழந்தை யாராச்சும் இருக்காங்களா? அதைத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சின்னாத்தாள் வீட்டுக்குப் போனேன். எழில் சுவரோரம் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கண் திறக்க முடியாமல் இமை வீங்கியிருந்தது.

"ரெண்டு நாளா இப்படித்தானுங்க. ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பியாட்டப் போகுது" என்றாள் சின்னாத்தாள்.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்த உடனே சீட்டு எழுதிக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். சின்னாத்தாள் புருஷன் காளிச்சாமி, மாற்றுத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

சாமி, அந்தப் புள்ளையக் காப்பாத்திக் குடு.

7-12-94, புதன்

இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அம்மாக்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். முதலில் வந்தது என் மகளுக்கு. எழிலுக்கு எங்களிடமிருந்துதான் போயிருக்கும். தெரியாமல் அவளை வெளியே அனுப்பினேன். அது இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

வெங்கடம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு மகன் கையைப் பிடித்து என் முன்னால் விரித்தாள். அவனுக்கும் இருந்தது.

"ஒரு வாரமா இருக்குதுங்க. வெளிய சொல்லக் கூச்சமாப் போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக நீண்டது. மொத்தம் ஏழு.

9-12-94, வெள்ளி

கோயமுத்தூர் போய் வந்தேன். தோலில் வைத்த சீழால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதாம். ஊசி போடுகிறார்கள். உப்பில்லாச் சோறு. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு முழுசாகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ரொம்ப நேரம் நின்றேன்.

சின்னாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பங்காருவைப் பற்றியும். கேட்டுக்கொண்டே எழிலின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் புள்ள, பைய வுட்டுட்டு வந்துட்டேன்னு பாதியில திரும்புச்சுங்க. நீங்க கதவச் சாத்திப்போட்டீங்க. தட்டுச்சாமுங்க. நாந்தான் போய்க் கூட்டியாந்தேன்."

தட்டியது என் காதில் விழவே இல்லை. மழை. இல்லை, மழையைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

அழுதேன். அவள் அழவில்லை. "வெடியால பஸ் ஏறியிருப்பீங்க. எதாச்சும் சாப்டீங்களா?" என்றாள். காளிச்சாமி வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் நகர்த்தினாள். அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

11-12-94, ஞாயிறு

மருந்து நாள். டாக்டர் சொல்லி நர்ஸ் இரண்டு பெரிய கேன் மருந்து கொண்டுவந்தார். பத்தொன்பது வீட்டுக்கும் அளந்து ஊற்றினோம். தெருவெல்லாம் வெந்நீர் அடுப்பு, கொடியெல்லாம் போர்வை. நல்லவேளை, சுள்ளென்று வெயில்.

மருந்து பட்டதும் பிள்ளைகள் எரியுது எரியுது என்று குதித்தார்கள். பிறகு ஒருவர் வெள்ளை முதுகை ஒருவர் பார்த்துச் சிரிப்பு. யாருகிட்டயும் மூச்சு விடாதே என்ற மனுஷன் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து, "முதுகுல நல்லாப் பூசு" என்றார். வெங்கடம்மாள் தானாகவே போய்ச் சின்னாத்தாள் வீட்டுப் பாய், போர்வை எல்லாவற்றையும் எடுத்து அலசிப் போட்டாள். அவிநாசிக்கும் கடிதம் போட்டுவிட்டேன்.

மருந்து வாடையில் ஊரே நாறுகிறது. எனக்கு இவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டும் போலிருக்கிறது.

18-12-94

இரண்டாம் தடவையும் பூசியாயிற்று. இன்னும் சொறிகிறார்களே என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். பூச்சி செத்தாலும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்குமாம், மேலே மேலே மருந்து போடக் கூடாதாம்.

20-12-94, செவ்வாய்

எழிலுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. சிறுநீர் தெளிந்துவிட்டது. நாளை வீட்டுக்கு! இன்று வேறெதுவும் எழுத வேண்டாம்.

2-1-95, திங்கள்

பத்தொன்பது பேர். எழில் கையில் ஊதா மருந்துக் கறை படிந்த தழும்புகள். பால்வாடிப் படியில் நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. நான் இறங்கிப் போய் மண்டியிட்டு, "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். அதற்கு என்ன புரிந்ததோ. "எனக்கு ஊசி போட்டாங்க, நான் அழுவலயே" என்றது. தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மாதா மாதம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போகப் போகிறேன்.

15-2-95, புதன்

மதியம் பால்வாடி முடிகிற நேரத்தில் சின்னாத்தாள் ஒரு கைக்குழந்தையோடு வந்தாள். பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிற தங்கையின் குழந்தை, இரண்டு மாதம். தலை முழுக்க மஞ்சள் பொருக்கு.

"இதையும் கொஞ்சம் பாருங்க டீச்சர்."

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டர்கிட்டக் காட்டீரலாம்."

"அதுக்குத்தான் உங்களக் கூப்புட வந்தேனுங்க. தங்கச்சிக்கு ஆப்பரேசன் பண்ண வயிறு இன்னும் ஆறல."

உடனே காரமடை பஸ் ஏறினோம். பால் கரப்பானாம். தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, மெல்லத் தேய்த்துக் குளிப்பாட்டினால் போதும், பிய்க்கக் கூடாது, தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிஷத்தில் சின்னாத்தாள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விடியற்காலையிலிருந்து வேலை செய்த உடம்பு. நம் ஊர் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

அடுத்த நிறுத்தத்தில்தான் எழுப்பினேன். வெயிலில் ஒன்றரை மைல் திரும்பி நடந்தோம்.

"ஏனுங்க டீச்சர், ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லீங்க?"

நானும் தூங்கிவிட்டேன் என்றேன்.