சித்தப்பா விட்டுக்கொடுத்த ஓட்டு வீடு

ஒலக்கூர்,
9-8-1962

சிரஞ்சீவி கண்ணையனுக்கு அப்பா தாண்டவராயன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம், உன் அம்மா இப்போது சுகம். பிலாயில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்கத் திருவக்கரை அம்மன் துணையிருப்பாள். உன் கடிதம் வந்தது. தீபாவளிக்கு லீவு கிடைத்திருப்பதும், குழந்தைக்குச் சித்தப்பாவின் கூரை வீட்டில்தான் படுக்கை, அதுதான் குளிர்ச்சி என்று எழுதியிருப்பதும் பார்த்தேன். ஐப்பசி மழையில் குளிர்ச்சி எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

சித்திரையில் பங்கு பிரித்த கதை உனக்குத் தெரியும். மூத்தவன் பிரிக்க இளையவன் முதலில் எடுப்பது நம் வழக்கம் என்பதால் உன் சித்தப்பன் விருத்தாசலத்தை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எட்டு வருஷமாகத் தான் குடியிருந்த மேலத்தெரு ஓட்டு வீட்டை எனக்கு விட்டுவிட்டு, நாம் இருந்த கூரை வீட்டை எடுத்துக்கொண்டான். இப்படியும் ஒரு தம்பியா என்று ஊரே மெச்சியது, நானும் மடையன் மாதிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குடிவந்த வாரமே ஓட்டிலிருந்து ஒரு தேள் சோற்றுத் தட்டருகே விழுந்தது. பழைய வீடென்றால் ஒன்றிரண்டு இருக்கும் என்று அடித்துப் போட்டேன். ஆடி மழை பெய்ததும் பார்க்க வேண்டுமே, கல்சுவர்ச் சந்தெல்லாம் தேள். கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்தோம், அது மேலேயிருந்து விழுந்தால் சட்டி என்ன செய்யும். உதறாமல் ஒரு துணியைத் தொடுவதில்லை. அப்படியிருந்தும் போன வாரம் விதைக்கு வைத்திருந்த மல்லாக்கொட்டை மூட்டையை நகர்த்தும்போது உன் அம்மாவின் கட்டைவிரலில் கொட்டிவிட்டது. வேர்த்து ஊற்றி, தோள்வரை விண்ணென்று தெறித்து, வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாள். வண்டி கட்டித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். விரல் மட்டும் இன்னும் மரத்துப்போயிருக்கிறதாம், பயப்படாதே.

நான் மாட்டைப் பூட்டுவதற்குள் உன் சித்தி குப்பம்மாள் ஓடிவந்தாள். கையில் தேள்கொட்டு மருந்துச் சீசா, பாதி தீர்ந்திருந்தது. இது ஏது என்று கேட்டேன். பதற்றத்தில் வாய் தவறி, "எட்டு வருஷமா இத்த வச்சிக்கினுதான் மாமா அந்த ஊட்டுல குடித்தனம் பண்ணோம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விருத்தாசலத்தைக் கேட்டேன். கால்விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். பிறகு, "நான் சொல்லாதது தப்புதாண்ணே, ஆனா கண்ணையனுக்குத் தெரியுமே, பொங்கலுக்கு வந்தப்ப அங்க எங்கூடதான படுத்தான், ரெண்டு தேள அவனே அடிச்சான், சொல்லியிருப்பான்னு நெனச்சேன்" என்றான்.

தம்பியை வாயில் வந்தபடி திட்டினேன், அது ஆறிவிட்டது. உன்மேல் உள்ளது ஆறவில்லை. பங்குனியில் நீ எழுதிய கடிதத்தைத் தேடியெடுத்துப் படித்தேன். ஓட்டு வீடு வந்தால் விடாதீர்கள் அப்பா, பின்னால் நல்ல விலை போகும் என்று எழுதியிருக்கிறாய். தேளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அங்கே படுக்கப்போவது கிழவனும் கிழவியும்தானே என்று இருந்துவிட்டாயா? உன் பிள்ளைக்கு மட்டும் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே வேறு இடம் பார்க்கத் தெரிந்திருக்கிறதே. பெற்றவன் வயிறு எரிகிறது கண்ணையா. உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் சித்தப்பனைத்தான் வைதுகொண்டிருக்கிறாள். நேற்றுகூட, "எம் புள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா நம்மள இங்க வுட்டிருப்பானா" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சுவர்ச் சந்துகளைச் சுண்ணாம்பும் மணலும் வைத்து நானே அடைத்துக்கொண்டிருக்கிறேன், கூரை ஓடுகளையும் பிரித்து மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குள் முடிந்துவிடும். பேரன் இங்கே என் பக்கத்தில்தான் படுப்பான், மருமகளிடம் பயமில்லை என்று சொல். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், மனசார வாழ்த்துகிறேன். மறக்கக்கூடாதது ஒன்று. நீ வந்ததும் உன் அம்மா மரத்த விரலைக் காட்டி, சித்தப்பன் இப்படிச் செய்துவிட்டானே என்று அழுவாள். ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டுக்கொள். அது உனக்குப் புதிதல்ல.

இப்படிக்கு,
உன் அப்பா,
தாண்டவராயன்