தேவியைத் தேடின நாலு நாள்

திங்கள்
விடாத மழை. புக்கிட் தெங்கா ஃபேக்டரியில ஓ.டி. போன் லாக்கர்ல. ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தா மலையில இருக்கற தங்கச்சி தேவி ஏழு தடவை கூப்பிட்டிருக்கா. ஒரு வாய்ஸ்: "அக்கா, ஆத்துல மரக்கட்டையா வருது. வீட்டுக்குள்ள தண்ணி. போனை எடுக்கா." பின்னால ஏதோ முறியற சத்தம். திருப்பிக் கூப்பிட்டேன். லைன் இல்ல.

அவ புருஷன் ரவி இங்க பினாங்குலதான், ஜெலுத்தோங் பாசார்ல மலைக் காய்கறி இறக்க வந்தவன். அவன் கூப்பிட்டும் அவளுக்கு லைன் கிடைக்கல.

செவ்வாய்
விடிஞ்சதும் ரவியோட லோரில கிளம்பினோம். பிஸ்கட், பெனடால் மாத்திரை, அவளுக்கு ஒரு செட் துணி. மலை ரோடு பாதிக்கு மேல இல்ல. அப்புறம் நடை, மூணு மணி நேரம். நல்ல வெயில். எரிச்சலா வந்துச்சு அந்த வெயிலைப் பார்த்து.

ஊரைக் காணோம். ஆத்தோரத் தெரு பூரா சேறு, கட்டை. டீக்கடை அண்ணே சொன்னார்: "வருஷா வருஷம் ஏறும், இறங்கிடும் லா. இந்த வாட்டி மேல் பாலத்துல கட்டை அடைச்சுக்கிச்சு. தண்ணி தேங்கி, ஒரேயடியா உடைச்சுக்கிட்டு வந்துச்சு. ஓட நேரமே இல்லம்மா."

மண்டபத்துல பொழைச்சவங்க பேர் லிஸ்ட். மூணு தடவை படிச்சேன். ஒரு தேவி இருந்தா. வயசு அறுபத்திரெண்டு.

புதன்
வீடு இருந்த இடத்துல பொம்பா, தீயணைப்பு ஆட்கள், தோண்டறாங்க. நாங்களும் மண்வெட்டி கேட்டு வாங்கினோம். கையெல்லாம் கொப்புளம். ரவி ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்றான்: "என்கூட பினாங்கு வரேன்னுதான் இருந்தா, அக்கா. கிளம்பறப்ப வேணாம்னுட்டா. ஏன்னே சொல்லல."

நான்தான். ஓ.டி. இருக்கு, அடுத்த வாரம் வாடின்னேன்.

சாயங்காலம் அவன்கிட்ட சொல்லிட்டேன். அவன் வெட்டறதை நிறுத்தினான். என்னைப் பார்க்கல. மறுபடி மண்வெட்டியைத் தூக்கினவன், "அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கக்கா. இங்க அடுப்படி."

வியாழன்
கிடைச்சுட்டா. காலை பத்து மணி. வீட்டுல இல்ல. பின்னாடி மேட்டுல. ஏறப் பார்த்திருக்கா. இன்னும் நாலு எட்டு.

பொம்பா ஆள் ஒருத்தர், "அக்கா, நீங்க பார்க்க வேணாம்." முடியாதுன்னேன்.

மினரல் தண்ணி பாட்டில்லதான் கழுவினோம். கால் ரவி, முகம் நான். கண்ணு, மூக்கு சுத்தமாயிடுச்சு. தூங்கறாப்புல. காதுக்குள்ள மட்டும் சேறு. என் துப்பட்டா முனையைத் திரிச்சு விட்டும் வரல. "போதும்கா, விடுங்க"ன்னான் ரவி.

இன்னொரு பாட்டில் கேட்டேன்.