அண்ணா அழித்த திகதி

கொட்டாஞ்சேனை

அன்புள்ள மெற்றில்டா,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிட்டுதா?

ஒரு விசயம், பயப்படாதேயும். உம்மட அண்ணா டெரிக், வெள்ளவத்தைக் கடையில் பழுதான பால்மா டின்களின் முடிவுத் திகதியை அழிச்சுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் செய்யிறதுதான், மச்சான்" என்றார்.

நேர்மையாய் உழைச்சால் ஆண்டவர் பெருகச் செய்வார் என்று முழந்தாளிட்டு நானும் அவரும் சேர்ந்து திறந்த கடையல்லவா! அவ்வளவு மாவையும் கொட்டிவிட்டேன். கடை அவர் பெயரில். என்னைப் போகச் சொல்லிவிட்டார். இப்ப வேறொரு கடையில் வேலை.

ஞாயிறு பூசையில் அண்ணாவுக்குச் சமாதானம் சொல்லக் கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்ப நான் தனி அறையில், இனி ஒராளுக்குத்தான் சமையல், கருவாடு கொஞ்சமாய் அனுப்பும். அவசரமாய் முடிக்கிறேன், வேலைக்கு நேரமாச்சு. அண்ணாவோட சண்டை பிடிக்காதேயும். சாப்பிட்டாரா என்று மட்டும் கேளும்.

உம்மட
ஜெரோம்